செவலைகளும் நலம்

செப்டம்பர் 10

அன்புள்ள தம்பிக்கு,

நான், உன் அத்தான், உன் மருமகள், செவலைகள் எல்லோரும் நலம். உன் நலத்துக்கு எழுதவும்.

கோழிகளையும் சேர்த்து நலம் சொல்கிறாளே என்று சிரிக்காதே. உன் அத்தானின் ஆலை மூடிய பிறகு இந்த வீட்டில் சம்பாதிக்கிற ஆட்கள் அவர்கள்தான். சம்பாதிக்கிறவர்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்லாமல் மற்றவர்கள் உடம்பைப் பற்றி எழுதி என்ன பயன்?

போன வாரம் நீ வந்து நின்ற வேகத்தை நினைத்து இன்னும் சிரிக்கிறோம். கோழிக் கம்பெனி வேலையாகப் பண்ணை பண்ணையாகச் சுற்றுகிறவன், வழியில் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தாய். கையில் ஒரு தகரப் போர்டு. 'வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது.' அதை நீயே கொட்டகைக் கதவில் ஆணி அடித்து மாட்டினாய். வாசலில் மருந்துத் தண்ணீர்த் தட்டு வை, அதில் காலை நனைக்காமல் ஒருவரையும் விடாதே என்று எனக்குப் பாடம் நடத்தினாய். "தட்டு வாங்கிட்டேன்டா, மருந்துதான் இன்னும் ஊத்தல" என்று நான் சொல்லி முடிப்பதற்குள், "பரவால்லக்கா, நான் என்ன வெளியாளா?" என்று பூட்ஸ் காலோடு உள்ளே பாய்ந்துவிட்டாய். முதல் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நீ நின்ற நிலையைப் பார்த்து, "மாமாதான் முட்டை போட்ட மாதிரி நிக்கிறாரு" என்றாள் உன் மருமகள்.

பூட்ஸைக் கழற்றி வாசலில் போட்டுவிட்டுச் செருப்போடு வண்டி ஏறிவிட்டாய். ஞாபகம் வந்ததா இல்லையா? உன் அத்தான் காலுக்கு அது கச்சிதமாக இருக்கிறது. திருப்பிக் கேட்பாயா, விட்டுவிடுவாயா என்று எழுது.

பக்கத்துப் பண்ணை டீச்சரம்மா வீட்டுக்கு நீ போன் செய்வதைவிடக் கடிதமே எழுது. போனில் நமக்கு இரண்டாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது. அந்தம்மா பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சுவையாகக் கேட்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


செப்டம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உங்கள் மூவரின் நலமும், சம்பாதிக்கும் பெண்மணிகளின் நலமும் அறிந்து மகிழ்ந்தேன்.

பூட்ஸ் அத்தானுக்கே. கம்பெனி எனக்கு வேறு கொடுத்துவிட்டது. பாசத்தில் விட்டுவிட்டு வந்தேன் என்று அவரிடம் சொல். மறதி என்று சொல்லாதே.

இப்போது முக்கியமான விஷயம். விளக்கு நேரத்தைக் கூட்டலாம், குறைக்கக் கூடாது. மின்சாரம் போனால் அரிக்கேன் விளக்கையாவது மாட்டு. இந்த இனத்துக்கு வெளிச்சம் குறைந்தால் முட்டை குறையும். கிளிஞ்சல் தூள் எப்போதும் இருக்கட்டும். தினம் ஒரு முட்டை என்றால் அத்தனை ஓட்டுக்கும் சுண்ணாம்பு வேண்டாமா? கொடுக்காவிட்டால் தன் எலும்பிலிருந்து எடுத்துப் போட்டுவிடும். அப்படிப்பட்ட முட்டாள் உழைப்பாளிகள்.

ஒரு கோழி அடைக்கு உட்காரும், குஞ்சு பொரிக்கும் என்று மருமகள் காத்திருப்பதாக நான் வந்திருந்தபோது சொன்னாள். அவளுக்கு இதைப் படித்துக் காட்டு: செல்லமே, இது பல வம்சங்களைக் கலந்து உண்டாக்கிய கலப்பினக் கோழி. அடை உட்காருகிற எண்ணமே வராத மாதிரி தேர்ந்தெடுத்து வளர்த்தது. அடை உட்கார்ந்தால் முட்டை நின்றுவிடும் இல்லையா? அதோடு உங்கள் வீட்டில் சேவலும் கிடையாது. ஆகையால் உட்கார்ந்தாலும் ஒன்றும் நடக்காது. அடுத்த தொகுதிக் குஞ்சு கம்பெனியிலிருந்துதான் வரும், மாமாதான் கொண்டுவருவேன்.

தட்டில் மருந்து ஊற்றிவிட்டாயா?

அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி


செப்டம்பர் 30

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். செவலைகள் பரம நலம். நீயும் அவ்வாறே இருக்க வேண்டும்.

உன் விளக்கத்தைப் படித்துக் காட்டினேன். "பாவம், அதுங்களுக்கு அம்மா ஆகவே தெரியாதா?" என்று கேட்டாள். இதற்குப் பதிலை நீயே அடுத்த தடவை சொல்லிக்கொள்.

முட்டை ஏறிக்கொண்டே போகிறது. காலையில் கதவைத் திறந்தால் கூடைக்கு வேலை. உன் அத்தான் ஆலை மூடியதிலிருந்து வீட்டில் வாயே திறக்காமல் இருந்தவர், இப்போது கோழிகளோடு பேசுகிறார். "என்னம்மா, ராத்திரி நல்லா தூங்கினியா?" என்கிறார். என்னிடம் அப்படி ஒரு நாளும் கேட்டதில்லை. பொறாமையாக இருக்கிறது, ஆனால் சந்தோஷமாகவும் இருக்கிறது. வீட்டில் இருந்ததையெல்லாம் இந்தக் கொட்டகைக்குள் போட்டோமே, கரையேறுவோமா என்று பயந்துகொண்டே படுப்பேன். இப்போது படுத்தவுடன் தூங்குகிறேன்.

டீச்சரம்மாவும் உன் பேச்சைக் கேட்டு இதே இனத்தை இறக்கியிருக்கிறாரே, அவருடையதும் நன்றாக இருக்கிறது. அவருடைய குட்டையில் நாலைந்து வாத்துகளும் சேர்ந்திருக்கின்றன. வேலி ஓரத்தில் நின்று, "எம்புட்டு இன்னைக்கு?" என்று என்னைப் போட்டிக்கு இழுக்கிறார்.

நீ கொடுத்த பூட்ஸைச் சாக்கில் சுற்றித் தண்ணீர்த் தொட்டி ஓரம் வைத்திருக்கிறார் உன் அத்தான். மழை வந்ததும் போட்டுக்கொள்வாராம். புதுத் துணி வாங்கின பிள்ளை மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு திரிகிறார்.

மருந்து ஊற்றிவிட்டேன். போதுமா?

அக்கா


அக்டோபர் 21

அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய விரும்புகிறேன்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கம்பெனியில் வேலை அதிகம்.

அந்தப் பூட்ஸ் இன்னும் சாக்கில்தானே இருக்கிறது? அதை யாரும் போட வேண்டாம். அது கெட்டுப்போன சரக்கு, ரப்பரில் ஏதோ கோளாறாம், காலில் புண் வருகிறது என்று கம்பெனியில் சொல்கிறார்கள். சாக்கோடு எரித்துவிடு. கொட்டகைக்குப் பக்கத்தில் வைத்து எரிக்காதே, தள்ளிக் கொண்டுபோய் எரி. எரித்த பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவு.

வெளியாள் யாரையும் உள்ளே விடாதே. உடனே பதில் போடு.

தம்பி


அக்டோபர் 25

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீ நலந்தானே?

மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம், அதில் அரைப் பக்கம் பூட்ஸ். என்னடா உனக்கு வந்தது? காதல் கீதல் என்றால் நேராகச் சொல்லிவிடு, ரப்பரைப் பற்றி எழுதாதே.

எரிப்பதற்கு அது சாக்கில் இல்லை. மழை போன வாரத்துக்கு முந்தின வாரமே பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து உன் அத்தான் காலில்தான் இருக்கிறது. அதோடுதான் கொட்டகைக்குள் போகிறார், வருகிறார். கழற்றச் சொன்னேன். "காலு நல்லாத்தானே இருக்கு, உன் தம்பிக்குக் குடுத்தத திரும்ப வாங்க மனசு வந்துடுச்சு போல" என்று காலை நீட்டிக் காட்டினார். புண் ஒன்றும் இல்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். சிரிக்காமல் பதில் எழுது. செவலைகளில் சிலது முந்தாநாளிலிருந்து மந்தமாக இருக்கிறது. தீனியைப் பார்க்கிறது, கொத்தவில்லை. முட்டை இறங்கிவிட்டது. ஓடே இல்லாத தோல்முட்டை நிறைய. கிளிஞ்சல் தூள் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். இன்று காலை கதவு ஓரத்தில் சிலது செத்துக் கிடந்தன. கொண்டை நீலமாக இருந்தது. மழைக் குளிரா? விளக்கு நேரத்தில் தப்புச் செய்துவிட்டேனா? ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போ. உன்னால்தான் இதில் இறங்கினோம், உன்னைத்தான் கேட்க முடியும்.

உன் அத்தானுக்கு லேசாக இருமல். மழையில் நனைகிறார், சொன்னால் கேட்பதில்லை.

வா. எழுதிக்கொண்டிராமல் வா.

அக்கா


அக்டோபர் 28

அக்கா,

டீச்சரம்மா வீட்டுப் போனில் காலையில் சொன்னதையே மறுபடி எழுதுகிறேன். அவர் பக்கத்தில் இருந்ததால் நீ "ம்" மட்டும் கொட்டினாய். எவ்வளவு காதில் விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

கால்நடை மருத்துவருக்கு இன்னும் சொல்லவில்லை என்றால் இந்த நிமிடம் போய்ச் சொல். செத்த கோழியை வெறும் கையால் தொடாதே. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள். மருமகளைக் கொட்டகைப் பக்கம் விடாதே, முட்டைக் கூடையைக்கூட அவள் தொடக் கூடாது. ஒரு முட்டையும் வெளியே போக வேண்டாம். டீச்சரம்மாவை வேலிப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்.

அத்தானின் இருமலை மழை இருமல் என்று விட்டுவிடாதே. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. கோழிப் பண்ணை வைத்திருக்கிறோம் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்.

நான் வர முடியாது. வரக் கூடாது. ஏன் என்று இப்போது கேட்காதே.

அத்தானுக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒரு வரி எழுது. கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி


நவம்பர் 12

தம்பிக்கு,

உன் அத்தான் நலம். அதை முதலில் எழுதிவிட்டேன். ஆஸ்பத்திரியில் தனி அறையில் வைத்து, தொண்டையிலும் மூக்கிலும் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்துப் பார்த்தார்கள். வெறும் சளிதான் என்று அனுப்பிவிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் நின்ற அந்த நாட்களை நான் மறக்க மாட்டேன். நானும் பிள்ளையும் நலம்.

செவலைகள் இல்லை.

பறவைக் காய்ச்சல்தான். வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் வந்தார்கள். கண் மட்டும்தான் தெரிந்தது. உன் மருமகளை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தி ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். அப்படியும் அவளுக்குக் கேட்டது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, "அம்மா, அதுங்க என்ன தப்பு பண்ணுச்சு?" என்றாள். நோய் வந்ததைக் கொன்றார்கள், வராததையும் கொன்றார்கள். நம் கொட்டகையை நடுவில் வைத்து வட்டம் போட்டு அதற்குள் இருந்த எல்லாவற்றையும் கொன்றார்கள். டீச்சரம்மாவுடையது ஒன்றுகூடச் சாகவில்லை, தும்மல்கூட இல்லை. அவை எல்லாம் போயிற்று. வாத்துகளும் போயிற்று. அந்தம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்று காலையும் முட்டை இட்டிருந்தன. சாகிற நிலையில் கிடந்ததுகூட ஒரு தோல்முட்டையைப் போட்டுவிட்டுத்தான் செத்தது. நீ எழுதினாயே முட்டாள் உழைப்பாளிகள் என்று. அந்த வரியை நினைத்துக்கொண்டு கொட்டகை வாசலில் உட்கார்ந்து அழுதேன்.

உன்னைத் தேடினேன். எல்லாப் பண்ணைக்கும் ஓடுகிறவன் அக்கா பண்ணைக்கு வரவில்லை. எனக்குக் கோபம் இல்லை என்று எழுத மாட்டேன், இருக்கிறது.

போட்டிருந்த செருப்பு, பூட்ஸ், கையுறை எல்லாவற்றையும் எரிக்கச் சொன்னார்கள். உன் பூட்ஸை நெருப்பில் போடப் போனேன். போடுவதற்கு முன் திருப்பிப் பார்த்தேன். அதைப் பற்றி நீ அத்தனை அவசரமாக எழுதியது ஞாபகம் வந்ததால்தான் பார்த்தேன். அடியில் ஆழமான பள்ளங்கள். மேலே நம் கொட்டகை உமி ஒட்டியிருந்தது. குச்சியால் கிளறினேன். உமிக்கு அடியில், உள்ளே இறுகிப்போய், மரத்தூள் இருந்தது. எச்சத்தோடு கலந்து கெட்டியாகியிருந்தது.

நாம் தரையில் உமிதான் போடுகிறோம். மரத்தூள் ஒரு பிடிகூட இந்த வாசலுக்கு வந்ததில்லை.

அது எந்தப் பண்ணை மரத்தூள், தம்பி?

கணக்கெடுக்க வந்த அதிகாரி, நோய் வருவதற்கு முன் வெளியாட்கள் யாராவது வந்தார்களா என்று கேட்டார். எனக்கு மண்டை வேலை செய்யவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். மறுபடி வருவார்.

அக்கா


நவம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அத்தான் நலமாகத் திரும்பியது அறிந்து எனக்கு உயிர் வந்தது. அவர் இன்னும் சில நாள் வெயிலிலும் மழையிலும் அலைய வேண்டாம். சூடாகவே குடிக்கச் சொல். மருமகளைப் பள்ளிக்கு அனுப்பத் தொடங்கிவிட்டாயா? பிள்ளைகளோடு சேர்ந்தால் சீக்கிரம் தேறிவிடுவாள். அவளுக்கு ஒரு வண்ணப் பென்சில் பெட்டி அனுப்பியிருக்கிறேன்.

இங்கும் விடாத மழை. அறையில் ஒரு பக்கம் ஒழுகுகிறது. வாளி வைத்திருக்கிறேன். கொட்டகைத் தரையை முழுக்கச் சுரண்டி, சுண்ணாம்பு அடித்து, சில மாதம் காலியாக விட வேண்டும். அதிகாரிகள் சொல்கிறபடி செய்யவும்.

நீ எதற்கும் மனதை விட்டுவிடாதே. பிறகு விவரமாக எழுதுகிறேன்.

தம்பி


டிசம்பர் 2

தம்பிக்கு,

இங்கே நலம். நீ நலம் என்று எழுதியிருந்தாய், நம்பவில்லை.

மழையைப் பற்றி எழுதினாய், வாளியைப் பற்றி எழுதினாய், சுண்ணாம்பைப் பற்றி எழுதினாய். மரத்தூளைப் பற்றி மட்டும் ஒரு எழுத்து இல்லை. அதுவே எனக்குப் பதில்.

உன் கடிதங்களை எல்லாம் எடுத்துப் பரப்பி வைத்துப் படித்தேன். பூட்ஸ் சாக்கில் இருக்கிறது, மழை வந்தால் போடுவார் என்று நான் எழுதியது செப்டம்பர் கடைசியில். அதற்குப் பிறகு மூன்று வாரம் நீ பேசவே இல்லை. அந்த மூன்று வாரமும் உனக்குத் தெரியும், இல்லையா? எந்தப் பண்ணையிலோ நோய் என்று தெரியும், அங்கே மிதித்த காலோடுதான் என் கொட்டகைக்குள் ஓடினாய் என்றும் தெரியும். நீ மிதித்த அன்று எப்படியோ தப்பித்தோம், பள்ளத்தில் இறுகியிருந்தது மழை ஈரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துதான் உள்ளே இறங்கியிருக்கிறது. மழைக்கு முன்னால் ஒரு வரி வந்திருந்தால் போதும், அந்தப் பூட்ஸ் சாக்கிலேயே இருந்திருக்கும். வந்த வரியும் பொய். ரப்பர் கோளாறாம். உன் அத்தான் காலில் புண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன் நான்.

அவரிடம் சொல்லவில்லை. பழையபடி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் காலோடு போன நோய் என்று தெரிந்தால் தாங்க மாட்டார்.

அதிகாரி நேற்று மறுபடி வந்தார். அதே கேள்வி. நல்ல மனுஷர்தான், பொறுமையாகக் கேட்டார். "நல்லா யோசிச்சு சொல்லுங்கம்மா. வெளியாளுங்க யாராச்சும் வந்தாங்களா? கம்பெனி ஆளு, தீனி வண்டி, சொந்தக்காரங்க?" என்றார். என் பக்கத்தில் உன் அத்தான். வேலிக்கு அந்தப் பக்கம் டீச்சரம்மா. நான் அவர் முகத்தைப் பார்த்து, "வெளியாளுங்க யாரும் வரல சார்" என்றேன். கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

நீ என்ன வெளியாளா?

அப்படியானால் வாத்திலிருந்து வந்திருக்கலாம், குட்டைக்கு வெளிப்பறவைகள் வந்து போகும் என்று அவர் எழுதிக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. டீச்சரம்மா காதில் அது விழுந்தது.

உன் வேலையைக் காப்பாற்றிவிட்டேன். இனி நீ அதை நன்றாகப் பார்த்துக்கொள். இங்கே இப்போதைக்கு வராதே. உன்னைப் பார்த்தால் என்ன சொல்வேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது.

அக்கா


டிசம்பர் 2

அக்காவுக்கு,

நீ நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

அன்று உன் வீட்டுக்கு வருவதற்கு முன் காலையில் நான் ஒரு பண்ணையில் இருந்தேன். தரை முழுக்க மரத்தூள். கோழிகள் மந்தமாக இருந்தன, முட்டை குறைவு என்று கூப்பிட்டிருந்தார்கள். தீனிக் கோளாறு என்று நினைத்தேன். ஒரு பண்ணைக்குள் போனவன் உடுப்பும் பூட்ஸும் மாற்றாமல் அடுத்த பண்ணைக்குள் போகக் கூடாது. எத்தனையோ பேரை இதற்காகத் திட்டியிருக்கிறேன். உன் கொட்டகைக் கதவில் போர்டு மாட்டும்போதுகூட அதை ஒரு பண்ணையாக நான் நினைக்கவில்லை. அக்கா வீடு என்றுதான் நினைத்தேன்.

நோய் என்று முடிவு வந்தபோது, வாயைத் திறக்காதே, கம்பெனி பேர் கெடும் என்றார் மேனேஜர். நான் பேசாமல் இருந்தது அவர் சொன்னதற்காக இல்லை. பயத்தில் இருந்தேன். இத்தனை நாளில் ஒன்றும் ஆகவில்லை, இனி ஆகாது என்று தினமும் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒரு தாளை எடுப்பேன், 'அன்புள்ள அக்காவுக்கு' என்று எழுதுவேன், கிழித்துவிடுவேன். நீ வா என்று கூப்பிட்டபோதும், நோய்ப் பண்ணையை மிதித்த காலோடு மறுபடி உன் வாசலுக்கு வரப் பயந்துதான் வரவில்லை.

இன்று காலை கால்நடை அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். எந்தப் பண்ணையிலிருந்து வந்தேன், உன் கொட்டகையில் எங்கெங்கே மிதித்தேன், பூட்ஸை எங்கே விட்டேன், பிறகு எந்தப் பண்ணைக்குச் செருப்போடு போனேன் எல்லாமே. நீ அதிகாரியிடம் என்னைப் பற்றி ஏற்கெனவே சொல்லியிருப்பாய். சொன்னதில் தப்பே இல்லை. வேலை நிற்காது, எனக்குத் தெரியும்.

சரிபார்க்க உன்னிடம் வருவார்கள். நடந்ததை நடந்தபடி சொல்.

அத்தானிடம் நானே சொல்ல வேண்டும். என் காலோடு வந்ததுதான், அவர் காலோடு வந்தது இல்லை என்று அவருக்கு முதலில் புரிய வேண்டும். எப்போது வரலாம் என்று நீ சொல். வராதே என்றாலும் சரி.

தம்பி


டிசம்பர் 27

தம்பிக்கு,

நாங்கள் மூவரும் நலம். மூவர்தான். அதற்கு மேல் எழுத ஆள் இல்லை, ஆனாலும் பேனா அங்கே போய் நிற்கிறது.

உன் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. உன்னுடையதைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. உனக்காகப் பொய்க் கையெழுத்துப் போட்டவள் நான், நீ நல்லபிள்ளையாகப் போய் உண்மையைச் சொல்லிவிட்டாயே என்று. கிழிக்கப் போனேன். உன் அத்தான் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். முழுக்கப் படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு என்னிடம், "அப்ப என்னால இல்லையா?" என்றார். அவ்வளவுதான். அத்தனை நாளாக அதைத்தான் உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், மனுஷன். மழைக்காலத்தில் ஏதோ ஒன்றை மிதித்து வந்துவிட்டோம் என்று. நான் மறைத்தேனே, யாருக்காக மறைத்தேன்?

அதிகாரி வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். பழைய தாளை எடுத்து என் முன்னால் வைத்து, "இத மாத்தி எழுதிக் குடுங்கம்மா" என்றார். எழுதி முடிக்கும்வரை நான் தலையை நிமிர்த்தவே இல்லை.

பிறகு டீச்சரம்மா வீட்டுக்குப் போனேன். அது அதைவிடக் கஷ்டம். வாத்தால் வந்த நோய் என்று தெருவில் அவரோடு ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். பால்காரர்கூடப் பாலை வாசலில் வைத்துவிட்டு ஓடினாராம். சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "என் வாத்து மேல பழி விழுந்தப்ப நீ வேலிக்கு அந்தப் பக்கம் நின்னுகிட்டுதான இருந்த?" என்றார். ஆமாம் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டார். நான்கைந்து நாள் கழித்து அவரே வேலி ஓரம் வந்து, "உன் தம்பி வந்தா எங்கிட்ட அனுப்பு. நாலு வார்த்தை கேக்கணும்" என்றார். நாலு வார்த்தையில் அவர் நிறுத்த மாட்டார், தயாராக வா.

ஆமாம், வா. வேலை போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். எங்களுக்கும் இப்போது வேலை இல்லை, சேர்ந்து உட்காரலாம். தரையைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. கொட்டகை காலியாகக் கிடக்கிறது. குஞ்சு எப்போது இறக்கலாம் என்று அதிகாரிதான் சொல்ல வேண்டும். அதே இனம்தான் வேண்டும் என்கிறார் உன் அத்தான். எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் வாசலில் தட்டு வைத்து மருந்து ஊற்றியிருக்கிறேன். நீ மாட்டிய போர்டைக் கழற்றிவிட்டேன். அதன் பின்பக்கம் வெள்ளையடித்து, நீ அனுப்பிய பென்சிலால் கோடு போட்டு, பெயிண்டால் உன் மருமகள் வேறு வாசகம் எழுதியிருக்கிறாள். எழுத்து கோணல்தான். 'கால் நனைக்காமல் எவரும் உள்ளே வரக்கூடாது.' "எவரும்னா மாமாவுமாம்மா?" என்று கேட்டாள். மாமாதான் முதலில் என்றேன்.

நனைத்துவிட்டு உள்ளே வா.

உன் அக்கா